மூளையின் மடைகள்

நுழையுமுன்

கோடை விடுமுறையில் தாத்தாவைக் காணச் செல்கிறான் பேரன் ஒருவன். சென்ற ஆண்டு வாசலுக்கே வந்து வரவேற்றவர், இவ்வாண்டு நாற்காலியிலிருந்து எழவே நெடுநேரம் எடுத்துக்கொள்கிறார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. சட்டைப் பொத்தானை மாட்டும் விரல்கள் தயங்குகின்றன. அவர் எழுதிய கடிதங்களிலும் எழுத்துகள் வரவரச் சிறுத்துப்போயிருக்கின்றன. தாத்தாவுக்குத் தன்மேல் கோபமோ என்று பேரன் கலங்குகிறான். அது கோபமன்று, பார்க்கின்சன் நோய். அந்நோயில் மூளைக்குள் நிகழ்வது என்ன என்பதை ஆராய்ந்த ஓர் அறிவியலாளரைப் பற்றி இப்பாடம் கூறுகிறது.

நோயும் பெயரும்

1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுக்கவாதம் பற்றிச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளிகள் அறுவர் மட்டுமே. அவர்களுள் சிலரைத் தெருவில் கண்ட அளவிலேயே, அவர்தம் நடையையும் நடுக்கத்தையும் கூர்ந்து நோக்கிக் குறித்துக்கொண்டார். பிற்காலத்தில் அந்நோய்க்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஓய்ந்திருக்கும் கை நடுங்குதல், தசைகள் விறைத்தல், அசைவுகள் மெதுவாதல், நடை தடுமாறுதல் ஆகியன இதன் முதன்மையான அறிகுறிகள்.

மூளையின் அடிப்பகுதியில் கருநிறமாகத் தோன்றும் சிறுபகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அவ்வணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால்தான் உடலின் அசைவு குன்றுகிறது. டோபமைனின் பணியை 1950களில் கண்டறிந்த சுவீடன் நாட்டு அறிவியலாளர் அர்விட் கார்ல்சன் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா என்னும் மருந்து 1960களில் பயன்பாட்டுக்கு வந்தது. எழ இயலாதவர்கள் எழுந்து நடந்தனர். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்தின் பயன் சீராக நிலைக்கவில்லை. பலருக்கு உடல் தானாகவே நெளியும் பக்கவிளைவும் தோன்றியது. டோபமைன் குறைந்தால் உடல் ஏன் உறைகிறது என்ற வினா விடையின்றி நின்றது.

எஞ்சியிருந்த பகுதி

1968ஆம் ஆண்டில் மாலன் டிலாங் என்னும் இளம் மருத்துவர், அமெரிக்காவில் எட்வர்ட் எவார்ட்ஸ் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். மூளை அசைவை எவ்வாறு ஆள்கிறது என்பதே அங்கு நடந்த ஆய்வு. பெருமூளைப் புறணியையும் சிறுமூளையையும் மற்றவர்கள் முன்னரே எடுத்துக்கொண்டனர். டிலாங்குக்கு எஞ்சியது, மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பணுத் திரள்கள். அவற்றின் பணி இன்னதென்று அக்காலத்தில் தெளிவாகத் தெரியாது. பிறர் விட்டுச்சென்ற அப்பகுதியையே அவர் தம் வாழ்நாள் ஆய்வுக்களமாக ஆக்கிக்கொண்டார்.

மயிரிழை போன்ற மின்முனைகளைக் கொண்டு, குரங்குகள் கையை அசைக்கும்போது தனித்தனி நரம்பணுக்கள் எழுப்பும் மின்குறிப்புகளை அவர் பதிவு செய்தார். மூளைப் புறணியிலிருந்து புறப்படும் செய்தி, அடித்தளத் திரள்களின் வழியே சென்று, தலாமஸ் என்னும் பகுதியைக் கடந்து, மீண்டும் புறணிக்கே திரும்புகிறது. 1986ஆம் ஆண்டில் டிலாங்கும் அவருடைய தோழர்களும், இத்தகைய சுற்றுகள் பல அருகருகே இயங்குகின்றன என்று விளக்கினர். கை கால் அசைவு, கண்ணசைவு, சிந்தனை, உணர்ச்சி ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சுற்றுகள் உள்ளன.

இச்சுற்றின் செயலை வயலின் மடைக்கு ஒப்பிடலாம். வாய்க்காலில் நீர் வரும்போது உழவர் தேவையான வயலுக்கு மடையைத் திறக்கிறார். மற்ற மடைகளை அடைத்துவைக்கிறார். அதுபோலவே, நாம் குவளையை எடுக்க எண்ணும்போது அவ்வசைவுக்கு வழி திறக்கிறது. வேண்டாத அசைவுகள் அடக்கப்படுகின்றன. டோபமைன் மடையைத் திறக்க உதவும் கை. அது குறைந்தால் தேவையான மடையும் திறவாது.

அடைபட்ட வலிமை

1982ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் இளைஞர் சிலர் திடீரென உடல் உறைந்துபோயினர். அவர்கள் உடலில் ஏற்றிக்கொண்ட போதைப்பொருளில் எம்பிடிபி என்னும் நச்சு கலந்திருந்தது. அது டோபமைன் சுரக்கும் அணுக்களை அழித்திருந்தது. இத்துயர நிகழ்வால், பார்க்கின்சன் நோயை ஒத்த நிலையைக் குரங்குகளில் உண்டாக்கி ஆராயும் வழி கிடைத்தது.

டிலாங், ஹகாய் பெர்க்மன், தாமஸ் விக்மன் ஆகிய மூவரும் அந்நிலையில் சப்தலாமிக் உட்கரு என்னும் பகுதியை நோக்கினர். மொச்சைக்கொட்டையினும் சிறிய அப்பகுதி அளவுக்கு மீறிச் செயல்பட்டு, மடையை ஓயாமல் அடைத்துக்கொண்டிருந்தது. அதனைச் செயலிழக்கச் செய்தபோது குரங்குகளின் நடுக்கம் தணிந்தது, விறைப்பு குறைந்தது, அவை மீண்டும் இயல்பாக அசைந்தன. இம்முடிவு 1990ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உறைந்த உடலில் வலிமை அழிந்துவிடவில்லை. அது அடைபட்டுக் கிடந்தது என்பது புலனாயிற்று.

பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில், அலிம் லூயி பெனாபித் என்னும் அறுவை மருத்துவர் 1987ஆம் ஆண்டிலேயே மற்றோர் உண்மையைக் கண்டிருந்தார். தலாமஸ் பகுதியில் நொடிக்கு ஏறத்தாழ 100 முறை மின்துடிப்பைச் செலுத்தியபோது நோயாளியின் நடுக்கம் நின்றது. மூளையின் பகுதியை அழிக்காமலேயே நடுக்கத்தை அடக்க முடிந்தது. டிலாங்கின் ஆய்வு சுட்டிய இடத்தில், 1990களில் பெனாபித் மின்முனையைப் பொருத்தினார். மார்புத் தோலுக்கு அடியில் வைக்கப்படும் சிறுகருவி அதற்கு மின்துடிப்பை அளிக்கிறது. 2014ஆம் ஆண்டில் இருவருக்கும் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது. இந்தியாவிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது. இது நோயை முற்றிலும் போக்குவதன்று, எல்லார்க்கும் ஏற்றதுமன்று. ஆயினும் தம் கையாலேயே உண்ணவும் எழுதவும் பலருக்கு மீண்டும் வாய்ப்பளித்துள்ளது.

தாத்தாவின் முகம் சிரிக்கவில்லை என்பதால் அவர் உள்ளத்தில் மகிழ்ச்சி இல்லை என்று பொருளாகாது. முகத்தை அசைக்கும் வழியே அடைபட்டிருக்கிறது. இதனை அறிந்த பேரன் அவரை விரைவுபடுத்தமாட்டான். பொத்தானை மாட்டி முடிக்கும்வரை அருகில் அமர்ந்து காத்திருப்பான்.

அருஞ்சொற்பொருள்

மடை – வாய்க்கால் நீரைத் திறக்கவும் அடைக்கவும் உதவும் வழி
புறணி – மேலுறை
எஞ்சிய – மீந்த
குன்றுதல் – குறைதல்
புலனாதல் – விளங்குதல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: கோபமன்று, விடையின்றி, அவ்வசைவு.
2. டிலாங்குக்கு அடித்தள நரம்பணுத் திரள்கள் ஆய்வுப் பகுதியாக அமைந்தது எவ்வாறு?
3. டோபமைனின் பணியை மடை உவமையால் விளக்குக.
4. 'வலிமை அழிந்துவிடவில்லை, அது அடைபட்டுக் கிடந்தது' – இக்கருத்தை மெய்ப்பித்த ஆய்வினை விவரிக்க.
5. தொலைவில் வாழும் உம் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ, அவர் நலம் வினவித் தமிழில் கடிதம் ஒன்று எழுதுக.