வெடிக்காத குண்டுக்கு எதற்குப் பணம்?

கேள்வி: 1992-க்குப் பிறகு அமெரிக்கா பூமிக்கடியில் ஓர் அணுகுண்டைக்கூட வெடித்துப் பார்க்கவில்லை என்று படித்தேன். ஆனாலும் ‘சோதனைக்குத் தயாராக இருக்க’ என்று பணம் செலவாகிறதாமே? இடம் இருக்கிறது, குண்டும் இருக்கிறது. அதிபர் சொன்னால் மறுவாரமே வெடித்துவிட முடியாதா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: முடியாது. இடமும் குண்டும் இருக்கின்றன என்பது சரிதான். நீங்கள் கணக்கில் விட்டது ஆட்களை.

அமெரிக்காவின் கடைசி வெடிப்பு ‘டிவைடர்’. 1992 செப்டம்பர் 23, நெவாடா பாலைவனம். மொத்தம் 1,054 சோதனைகளில் 928 அந்த மாநிலத்துச் சோதனைத் தளத்தில் நடந்தவை. அடுத்து ‘ஐஸ்கேப்’ என்ற ஒன்றை 1993-இல் வெடிப்பதாக இருந்தார்கள். அதற்குள் சோதனைகளை நிறுத்திவைக்கும் சட்டம் வந்தது. குழிக்கு மேல் எழுப்பிய கோபுரம் இன்றும் அப்படியே நிற்கிறது. அதைக் கட்டியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

அவர்கள் கையில் இருந்த வேலையைக் கொஞ்சம் பாருங்கள். நம் ஊர் போர்வெல்லுக்கு ஆறரை அங்குலத் துளை போதும். அங்கே 8 அடி, 10 அடி அகலம் வேண்டும். எவ்வளவு சின்னக் குண்டானாலும் ஆழம் 600 அடிக்குக் குறையக் கூடாது. 150 கிலோடன் என்றால் 2,100 அடியைத் தாண்டும். குண்டோடு அளவுக் கருவிகளையும் ஒரு பெரிய சட்டத்தில் பொருத்தி இறக்குவார்கள். அதிலிருந்து கற்றை கற்றையாகக் கேபிள்கள் மேலே வரும். வெடித்த கணத்தில் கருவியும் கேபிளும் அழிந்துபோகும். அதற்குள் தகவல் மேலே வந்து சேர்ந்திருக்க வேண்டும். பிறகு சரளை, மணல், இடையிடையே இறுகிய அடைப்பு என்று குழியை மூட வேண்டும். கேபிளின் உள்ளே இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகக்கூடக் கதிரியக்க வாயு ஏறி வரும் என்பதால், அதையும் ஆங்காங்கே அடைப்பார்கள். இதெல்லாம் செய்து செய்து கை பழகிய வேலை.

கை பழகியவர்களுக்கே தவறியது உண்டு. 1970 டிசம்பர் 18, ‘பேன்பெர்ரி’. வெறும் 10 கிலோடன். அங்கிருந்த களிமண்ணில் எதிர்பார்த்ததைவிட ஈரம் அதிகம். வெடித்த சில நிமிடங்களில் தரை பிளந்து கதிரியக்க மேகம் எழுந்தது. அதன் பிறகுதான், வாயு கசியாமல் காப்பதற்கான ஆய்வும் அனுமதியும் மிகக் கறாராயின. ஒரு சோதனைக்கு மாதக் கணக்கில் ஆயத்தம் பிடிப்பதற்கு இந்தப் படிப்பினையும் ஒரு காரணம்.

இனி பணம். உத்தரவு வந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வெடிக்க முடிய வேண்டும் என்று 1993-இல் கிளிண்டன் அரசு வரையறுத்தது. புஷ் அரசு அதை 18 மாதமாகக் குறைக்க நினைத்து, 2004 நிதியாண்டுக்குச் சுமார் 2.5 கோடி டாலர் கேட்டது. நாடாளுமன்றம் பணத்தைக் கொடுத்தது, ஆனால் 24 மாதம் போதும் என்று கட்டுப்போட்டது. 2010 வாக்கில் அந்தத் தனித் தலைப்பே பட்ஜெட்டிலிருந்து போய்விட்டது. செலவு போகவில்லை. 1997 முதல் அதே நெவாடாவில் ஏறக்குறைய 290 மீட்டர் ஆழச் சுரங்க அறைகளில், சங்கிலி வினை தொடங்காத அளவுக்குப் புளூட்டோனியத்தை வெடிமருந்தால் தாக்கிப் பார்க்கிறார்கள். கருவி பொருத்துவோர், அளப்போர், பாதுகாப்பு பார்ப்போர் எல்லோரும் அந்த வேலையில் கை பழகிக்கொள்கிறார்கள். தயார்நிலைக்கான பணத்தில் கணிசமான பங்கு இப்போது அங்கேதான் இருக்கிறது. ஆனால் பெரிய குழி தோண்டுவதையும் அதை அடைப்பதையும் அங்கே பழக முடியாது.

கருவிகள் முழுமையாகப் பொருத்திய சோதனைக்கு 24 முதல் 36 மாதம் என்பது அமெரிக்க அரசின் திட்டக் கணக்கு. சில நடைமுறைகளுக்கு விலக்கு கொடுத்தால் எளிய வெடிப்பு ஒன்றை 6 முதல் 10 மாதத்தில் செய்யலாம் என்றும் அதே கணக்கு சொல்கிறது. இந்த இரண்டாவது கணக்குதான் எனக்குப் பயம் தருகிறது. அவசரமாக வெடித்தால் தெரியப்போவது குண்டு வெடிக்கும் என்பது மட்டுமே. அது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. எதிரிக்குக் காட்டுவதற்கன்றி வேறு எதற்கும் அது உதவாது. அதற்காக நடைமுறையைத் தளர்த்துவது பேன்பெர்ரியில் கற்றதைக் கைவிடுவதாகும். தளத்திலிருந்து சுமார் 105 கிலோமீட்டரில் லாஸ் வேகாஸ் இருக்கிறது. இன்று அந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் 20 லட்சத்துக்கும் மேல் மக்கள்.

2025 அக்டோபர் 30-இல் சோதனைகளைத் தொடங்கச் சொல்லியிருப்பதாக டிரம்ப் அறிவித்தார். சில நாளில் எரிசக்தி அமைச்சர் கிறிஸ் ரைட், அவை அணு வெடிப்புகள் அல்ல என்றார். இனி இப்படி அறிவிப்பு வந்தால் பேச்சை விட்டுவிட்டு பட்ஜெட்டைப் புரட்டுங்கள். பெரிய துளையிடும் ரிக், குழியடைப்புப் பொருள், நெவாடாவில் ஆளெடுப்பு என்று பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நானும் வருடா வருடம் அதைத்தான் பார்க்கிறேன். ஏறிவிடக் கூடாதே என்ற கவலையோடுதான் பார்க்கிறேன்.