சொல் அறிவோம்: அட்வகேற்

மாணவர்களே, “அட்வகேற்” என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. “அட்” என்றால் நோக்கி. “வொகாரே” என்றால் அழைத்தல். எனவே, துணைக்கு அழைக்கப்பட்டவர் என்பதே இதன் மூலப்பொருள். சொற்களஞ்சியத்தைக் குறிக்கும் “வொக்கபுலறி” என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததாகும்.

யாழ்ப்பாண வழக்கு: 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்களது “அட்வொக்காத்” என்ற சொல்லே நம் முதியோர் பேச்சில் “அப்புக்காத்து” ஆனது.

வேறுபாடு: முன்னர் புரொக்டர் (பேச்சு வழக்கில் பிறக்கிராசி) கட்சிக்காரரிடம் விபரம் கேட்டு ஆவணங்களைத் தயாரிப்பார். அவர் கொடுக்கும் விபரங்களைக் கொண்டு அப்புக்காத்து மன்றில் வாதாடுவார். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இவ்விரு பிரிவுகளையும் ஒன்றாக்கியது. 1974 முதல் இரு பிரிவினரும் சட்டத்தரணிகளே.

உச்சரிப்பு: பெயர்ச்சொல்லாயின் இறுதி அசை குறுகி “அட்வகற்” என ஒலிக்கும். வினைச்சொல்லாயின் “அட்வகேற்” என நீளும். ஒன்றுக்காகக் குரல் கொடுத்தல் என்பது அதன் பொருள்.

சிந்திக்க: பணமில்லாதவர் யாரைத் துணைக்கு அழைப்பார்? அத்தகையோருக்கு உதவவே 1978 இல் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. அழைத்தவருக்குத் துணை கிடைத்தாலே இச்சொல் பொருள் பெறும்.

பயிற்சி:
1. “அட்வகேற்” என்பதன் மூலப்பொருள் யாது?
2. புரொக்டர், அப்புக்காத்து ஆகியோரின் பணிகளை வேறுபடுத்துக.
3. 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட மாற்றம் யாது?