வாராத வெள்ளமும் வரம்புக் கூலியும்

வருமுன் காத்தல் அறிவுடைமை என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்தது. ஆயின், காத்த பின்னர் வருமென்று அஞ்சியது வாராதொழியுமாயின், காவலுக்குச் செய்த செலவு பயனுடையதா, வீணா என்னும் வினா எழும். வரம்பை உயர்த்திக் கட்டிய ஆண்டில் வெள்ளம் வயலுட் புகாவிடின், கூலி கொடுத்த கை சற்றே கூசுவது இயல்பு. இவ்வினாவை உலகம் முழுவதும் ஒருங்கே எழுப்பிய நிகழ்ச்சி 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கல். அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சிக்கல் இன்னதென அறிதல் வேண்டும். கணினி தோன்றிய காலத்தில் அதன் நினைவகம் மிக்க விலையுடையதாயிருந்தது. ஆதலின், 1965 என்னும் ஆண்டை 65 என இரண்டு இலக்கத்தாற் குறித்து இடத்தை மிச்சப்படுத்தினர். இம்முறையை நாமும் அறிவோம். நம்மிற் பலர் வைத்திருக்கும் பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் உள்ளன. அவற்றுள் முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. 1978இற் பிறந்தவர்க்கு 78 என்றிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையிலோ ஆண்டு நான்கு இலக்கங்களாலும் எழுதப்படுகின்றது.

நூற்றாண்டு மாறும்போது 99இன் பின் 00 வரும். அதனைக் கணினி 1900 எனக் கொள்ளுமாயின், 1978இற் பிறந்தவரின் வயதைக் கணிக்கப் புகுந்து 00இலிருந்து 78ஐக் கழிக்கும். வயது தவறும், வட்டி தவறும், மருந்தின் காலாவதி நாளும் தவறும். இவ்விடர் திடீரெனத் தோன்றியதன்று. கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் 1990இல் வெளியிட்ட நாவலொன்றிலேயே இதனைக் கதைப்பொருளாக்கியுள்ளார்.

இதனைத் திருத்த உலக நாடுகள் 30,000 கோடி டொலருக்கு மேற் செலவிட்டன என மதிப்பிட்டனர். ஐக்கிய அமெரிக்கா மட்டும் ஏறத்தாழ 10,000 கோடி டொலர் செலவிட்டது. பழைய நிரல்களை வரிவரியாகப் படித்துத் திருத்தும் பணியில் ஒரு பங்கு இந்தியாவின் மென்பொருள் நிறுவனங்களை அடைந்தது. 2000 சனவரி 1 விடிந்தது. மின்விளக்கு அணையவில்லை, விமானம் வீழவில்லை, வங்கிகளும் நிலைகுலையவில்லை.

உடனே உலகம் இரு கட்சியாயிற்று. செலவு வீண் என்பார், இத்தாலி, தென்கொரியா, ருசியா முதலிய நாடுகளைக் காட்டினர். அவை சிறிதே செலவிட்டும் பெருந்தீங்கு எய்தவில்லை. செலவு தக்கதே என்பார், திருத்தியமையாலன்றோ தீங்கு நேர்ந்திலது என்றனர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் ஒன்றேனும் முழுமையானதன்று.

திருத்தம் தவறிய இடத்தில் நேர்ந்ததை நோக்குவாம். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிற் கருவுற்ற தாய்மாரின் பரிசோதனையைக் கணித்த கணினியொன்று, ஆண்டுக் குழப்பத்தால் தாயின் வயதைப் பிழையாகக் கொண்டது. 2000 சனவரி முதல் மே வரை 150க்கு மேற்பட்ட தாய்மார்க்குத் தவறான முடிவு அறிவிக்கப்பட்டது. குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருக்கக்கூடிய வாய்ப்பு மிக்கோரும் அச்சமில்லை என்ற சொற்கேட்டு மனைக்குச் சென்றனர். ஆகவே, இடர் கற்பனையன்று.

சிறிதே செலவிட்ட நாடுகள் பிழைத்தமைக்கும் காரணமுண்டு. அந்நாடுகளின் வாழ்க்கை அமெரிக்காவைப் போலக் கணினியைச் சார்ந்திருக்கவில்லை. அன்றியும், பிறர் பொருள் செலவிட்டுத் திருத்திய மென்பொருளே அவர்க்கும் வந்து சேர்ந்தது. அயலான் கட்டிய வரம்பு நம் வயலையும் காத்தல் போல்வது இது. ஆயினும், அச்சத்தை மூலதனமாக்கிப் பழுதில்லாக் கருவியையும் மாற்றச் செய்து பொருளீட்டியோரும் இருந்தனர். அச்செலவை நாம் போற்றுதற்கில்லை.

திருவள்ளுவர் ஓரிடத்தில் வருமுன் காவாதவன் வாழ்வைத் தீயின்முன் பட்ட வைக்கோலுக்கு ஒப்பிட்டார். பிறிதோரிடத்திற் கழிவதையும் கிடைப்பதையும் எண்ணியே வினையிற் புகுக என்றார். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒன்று காக்கச் சொல்கின்றது. மற்றையது அளந்து காக்கச் சொல்கின்றது. அளக்குங்கால் மூன்று வினாக்கள் வேண்டப்படும். இடரின் காரணம் தெளிவாக அறியப்பட்டதா? நேருமாயின் பின்னர்ச் சீர்செய்யக் கூடியதா? செய்யும் செலவு அக்காரணத்தையே சென்று தாக்குகின்றதா? வைத்தியசாலைக் கணினியைத் திருத்தியது இம்மூன்றாலும் தக்கது. பிழையுற்றாற் கையால் எழுதிக்கொள்ளத்தக்க சிறு கணக்குக்குப் பெரும்பொருள் இறைத்தது தகாதது. 2038 சனவரி 19ஆம் நாள், 1970 முதல் நொடிகளை எண்ணிவரும் பழைய கணினிகள் பலவற்றில் எண் நிரம்பி வழியும். அன்றும் இவ்வினாக்களே நமக்குத் துணையாகும்.

இவ்வாராய்ச்சி கணினியோடு முடிவதன்று. 2004 திசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்தபோது மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலாய நம் ஊர்களுக்கு எச்சரிக்கை எதுவும் எட்டவில்லை. சுமாத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் அலை இக்கரை சேர்ந்ததற்கும் இடையே ஒரு மணி நேரத்திற்கு மேல் இருந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2012 ஏப்ரல் 11ஆம் நாள் மீண்டும் அங்கே 8.6 அளவில் நிலம் நடுங்கிற்று. எச்சரிக்கை வந்தது, மக்கள் கரையை விட்டு மேற்கே ஓடினர், பேரலை வரவில்லை. கடலடி நிலம் மேலெழாது பக்கவாட்டில் நகர்ந்தமையே காரணம். அதனை முதற்கணத்திலேயே அறிந்து சொல்லுதல் எவர்க்கும் அரிது.

அன்று வீடு திரும்பியோருட் சிலர், ஓடியது வீண் என்றனர். அச்சொல்லே அஞ்சத்தக்கது. முடிவை மட்டும் கண்டு முயற்சியைப் பழிப்போமாயின், அடுத்த எச்சரிக்கைக்கு நம் பிள்ளைகள் அசையாதிருப்பர். முன்னறிந்தது எவ்வளவு, இழக்கக்கூடியது எவ்வளவு என்பவற்றைக் கொண்டே ஒரு காவலை மதித்தல் வேண்டும். சில மணி நேர அலைச்சல் அன்று நாம் கொடுத்த விலை; காக்க நின்றதோ உயிர். அலை வாராமையால் அவ்விலை வீணாகிவிடாது.