பழைய கப்பல் சொல்லித் தந்த வியாபாரப் பாடம்



"கடை பழசாகிவிட்டது, இனி என்ன செய்வது?" ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்து உறுப்பினர்கள் பலரும் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. எதிரே ஏ.சி. போட்ட பெரிய அங்காடி வந்துவிட்டது. கைப்பேசியில் ஆர்டர் கொடுத்தால் சரக்கு வீட்டு வாசலுக்கே வருகிறது. நம் கடையிலோ பழைய அலமாரி, பழைய கல்லா, பழைய முதலாளி! இடத்தை வாடகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாமே என்ற எண்ணம் வருவது இயல்புதான்.

இந்தக் கேள்விக்கு நமக்குப் பதில் கிடைத்தது கடைத்தெருவில் அல்ல, நடுக்கடலில்!

2022 ஜூன் 4ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் திரு. மு.க. ஸ்டாலின் அவர்கள் 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பலின் பயணத்தைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அந்த ஆண்டிலேயே நம் பகுதி வியாபாரிகள் சிலர் குடும்பத்துடன் அக்கப்பலில் இரண்டு இரவு கடலில் போய்வந்தோம். எங்களோடு வந்தவர்களில் ஒருவர், ஹூண்டாய் ஆலை இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியைத் தொடங்கிய 1998ஆம் ஆண்டிலேயே மளிகைக் கடை வைத்த அண்ணாச்சி. கடையை மூடிவிடலாமா என்று அப்போது அவர் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

கப்பலில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இது எந்த வருஷத்துக் கப்பல்?"

"1990, அண்ணாச்சி."

"அப்போ நம்ம கடையைவிட எட்டு வருஷம் மூப்பு! இது எப்படிய்யா இன்னும் ஓடுது?"

அந்தக் கேள்விக்கான விடையே இந்தப் பாடம்.

பெயர் மாறியது, தொழில் மாறவில்லை

இக்கப்பல் பிரான்ஸ் நாட்டின் செயின்ட் நசேர் துறைமுக நகரத்தில் கட்டப்பட்டது. முதற்பெயர் 'நார்டிக் எம்பிரஸ்'. ராயல் கரீபியன் நிறுவனம் மூன்று, நான்கு நாள் குறும்பயணங்களுக்காகவே இதை இறக்கியது. 2004ல் 'எம்பிரஸ் ஆஃப் தி சீஸ்' என்று பெயர் மாறியது. 2008ல் ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்றிடம் போனது. 2016ல் மீண்டும் ராயல் கரீபியனுக்கே திரும்பியது. கொரோனா காலத்தில் உலகெங்கும் சொகுசுக் கப்பல்கள் நின்றுபோனபோது 2020 இறுதியில் விற்கப்பட்டு, 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து இந்தியப் பயணிகளுக்காக ஓடத் தொடங்கியது.

முதலாளிகள் மாறினார்கள், கடல்கள் மாறின. ஆனால் முதன்முதலில் எதற்காகக் கட்டப்பட்டதோ, அந்தக் குறும்பயணத் தொழிலையே சென்னையிலும் செய்தது. புதிய பெருங்கப்பல்கள் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றுகின்றன. அவற்றோடு போட்டி போட இக்கப்பல் முயலவில்லை. இதன் நீளம் சுமார் 211 மீட்டர், இடம் ஏறத்தாழ 1,800 பேருக்கு. அவ்வளவுதான்.

சிறியதாக இருந்ததே ஒருமுறை இதற்குப் பெரிய லாபமாக முடிந்தது. கியூபா நாட்டின் ஹவானா துறைமுகத்துக்குள் மிகப் பெரிய கப்பல்கள் போக வசதி இல்லை. இந்தச் சிறிய கப்பலால் போக முடிந்தது. 2017 முதல், 2019ல் அமெரிக்க அரசு தடை விதிக்கும் வரை, அமெரிக்கப் பயணிகளை ஹவானாவுக்கு ஏற்றிச் சென்றது. பெருங்கப்பல் நுழையாத துறையில் சிறு கப்பலுக்குப் பிழைப்பு இருந்தது.

நம் கதையும் இதுதானே? பெரிய அங்காடிக்காரர் நெடுஞ்சாலை ஓரத்தில்தான் கடை போடுவார். தொழிலாளர் குடியிருக்கும் உள்தெருவுக்கு அவர் வருவதில்லை. ஐந்து ரூபாய்க்கு இஞ்சி தரமாட்டார். இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வருபவனுக்குப் பால் பாக்கெட் எடுத்து வைக்கமாட்டார். உள்தெரு நம் ஹவானா!

பயணம் தாமதமானது சரக்கறையால்

2016ல் இக்கப்பல் பழைய நிறுவனத்துக்குத் திரும்பியபோது நடந்ததை மளிகைக்காரர்களாகிய நாம் அவசியம் கவனிக்க வேண்டும். வண்ணம் பூசி, மெத்தை மாற்றி, குறித்த நாளில் ஓட்டிவிடலாம் என்றுதான் திட்டம். உள்ளே திறந்து பார்த்தபோது சமையற்கூடம், சரக்கு வைப்பறை, குளிர்பதன அறை ஆகியவற்றில் எதிர்பார்த்ததைவிட அதிக வேலை இருந்தது. நிறுவனம் என்ன செய்தது? அறிவித்திருந்த முதல் பயணங்கள் சிலவற்றை ரத்து செய்துவிட்டு, அந்த வேலையை முடித்த பிறகே கப்பலை ஓட்டியது.

யோசித்துப் பாருங்கள். பயணி பார்ப்பது மேல்தளத்து விளக்கையும் நீச்சல் குளத்தையும். சரக்கறையை அவன் கண்ணால் காண்பதே இல்லை. ஆனால் கப்பலைத் துறையிலேயே நிறுத்தி வைத்தது அவன் காணாத அந்தச் சரக்கறைதான்.

கப்பலுக்கு உலர்துறை என்று ஒன்று உண்டு. தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலின் அடிப்பாகத்தை வெளியே எடுத்துச் சோதித்துச் செப்பனிடும் இடம் அது. பயணிகள் கப்பலின் பாதுகாப்புச் சான்று ஓராண்டுக்கு மேல் செல்லாது. ஆண்டுதோறும் சோதனை நடந்தாக வேண்டும். சர்வதேசப் பயணம் போகும் எந்தப் பயணிகள் கப்பலும், புதிதானாலும் பழையதானாலும், இதற்குத் தப்ப முடியாது. 1912ல் டைட்டானிக் மூழ்கி ஆயிரத்தைந்நூறு பேர் மாண்ட பிறகு, 1914ல் முதன்முதலாக வகுக்கப்பட்ட சர்வதேச உடன்பாட்டின் வழிவந்த சட்டம் இது.

நமக்கும் நம் முன்னோர் ஓர் உலர்துறை நாளை வைத்துப் போயிருக்கிறார்கள். அதுதான் ஆயுத பூஜை! சரக்கை எல்லாம் இறக்கி, அலமாரியைக் கழுவி, ஒட்டடை அடித்து, தராசுக்குச் சந்தனம் குங்குமம் இடுகிறோம். ஆனால் அந்தத் தராசின் முத்திரை காலாவதியாகிவிட்டதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். அலமாரியின் முன்பக்கம் பளபளக்கும். பின்வரிசையில் தேதி முடிந்த பொட்டலங்கள் தூங்கும். இது முகப்புக்கு மட்டும் பெயிண்ட் அடித்த கப்பல்.

தினமும் சுரண்டப்படும் துரு

கப்பலில் இரண்டாம் நாள் அதிகாலை நாங்கள் சூரிய உதயம் பார்க்க மேல்தளத்துக்குப் போனோம். எங்களுக்கு முன்பே இரண்டு பணியாளர்கள் வேலையில் இருந்தார்கள். ஒருவர் இரும்புக் கைப்பிடியில் கையகலத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் சுரண்டிய இடத்தில் பிரைமர் பூசிக்கொண்டு வந்தார். பயணிகள் எழுந்து வருவதற்குள் வேலை முடிந்து வாளியும் தூரிகையும் மறைந்துவிட்டன.

அண்ணாச்சி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "உப்புக் காத்து தினமும் திங்குது, இவன் தினமும் சுரண்டுறான். ஒரு நாள் விட்டாலும் காத்து ஜெயிச்சிடும்" என்றார்.

ஆண்டுச் சோதனை ஒன்று, அன்றாடப் பராமரிப்பு மற்றொன்று. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை. நம் கடையில் அன்றாடத் துரு எது? பழைய சரக்கைப் பின்னே தள்ளிவிட்டுப் புதுச் சரக்கை முன்னே அடுக்குவது. கடன் நோட்டை அன்றன்று எழுதாமல் மனக்கணக்கில் வைப்பது. எலி அரித்த மூட்டையைத் தைக்காமல் விடுவது. இவற்றில் ஒவ்வொன்றும் கையகலம்தான். சேர்ந்தால் கடையையே தின்றுவிடும்.

ஏழு குறுவிசில், ஒரு நெடுவிசில்

கப்பல் புறப்படும் முன்பு எல்லோரையும் அவரவருக்குரிய கூடுமிடத்துக்கு வரச் சொன்னார்கள். ஏழு முறை குறுகலாகவும் ஒரு முறை நீளமாகவும் ஒலி எழுந்தால் ஆபத்து என்று பொருள். எந்தப் படிக்கட்டில் இறங்குவது, உயிர்காப்புச் சட்டையை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். "ஊர் சுத்திப் பாக்க வந்த இடத்துல பள்ளிக்கூடம் வைக்கிறாங்களே" என்று எங்களில் சிலர் முணுமுணுத்தது உண்மை.

2012 ஜனவரியில் இத்தாலிக் கரையருகே 'கோஸ்டா கான்கார்டியா' என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தனர். அன்றைக்கு ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி இன்னும் தரப்படவில்லை. அதன் பிறகுதான், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்று விதி 2015 முதல் இறுகியது. அந்தக் கப்பல் 2006ல்தான் ஓடத் தொடங்கியது. அதாவது நாங்கள் போன கப்பலைவிடப் பதினாறு வயது இளையது!

நம் தமிழர் அறிந்த இரண்டு கப்பல்களும் இதையே சொல்கின்றன. 1926ல் கட்டப்பட்ட 'ராஜுலா' சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்குப் பல தலைமுறைத் தமிழரை ஏற்றிச் சென்றது. 1970களின் தொடக்கம் வரை, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தது. அதன் பிறகு வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1966ல் பிரான்சில் கட்டப்பட்ட, வசதிகள் மிகுந்த கப்பல். 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் பலியாயின. அத்தோடு கப்பலின் வாழ்வும் முடிந்தது. அப்போது அதற்கு வயது பத்தொன்பதுதான்.

ஆகவே ஆயுளைத் தீர்மானிப்பது வயது மட்டும் அல்ல. நம் குடோன்களில் எண்ணெய் டின், அட்டைப் பெட்டி, தீப்பெட்டிப் பண்டல் எல்லாம் ஒரே இடத்தில். மேலே இருபது வருஷத்து ஒயர். ஒரே வாசல், அதையும் மூட்டை அடைத்திருக்கும். தீ பிடித்தால் கடைப்பையன் எந்தப் பக்கம் ஓடுவான்? அவனுக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரியுமா? மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

ஏறுபவர் யார்?

கரீபியன் கடலில் அமெரிக்கருக்குச் சமைத்த கப்பல், இங்கே வந்தபின் இட்லியும் சாம்பாரும் வைத்தது. ஜைன உணவும் உண்டு. உடல் பழையது, உலை புதியது. கடலில் வெங்காயம் தீர்ந்தால் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்ப முடியாது. ஏறுபவர் யார், எத்தனை பேர், என்ன சாப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும்.

நம் பகுதியில் ஏறுபவர்கள் எத்தனை முறை மாறிவிட்டார்கள்! நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. பின்னர் அதே வளாகத்தில் வேறு நிறுவனம் வந்தது. ஒரகடத்தில் 2010ல் ரெனால்ட்-நிசான் வந்தது. சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் கைப்பேசி செய்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளத்துப் பிள்ளைகள் தெருவெல்லாம் நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது கடுகெண்ணெய், மசூர் பருப்பு, ஆட்டா, அவல், சத்து மாவு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. அறை எடுத்துத் தாமே சமைப்பவர் அரிசி பருப்பு வாங்குவார். விடுதியில் சாப்பிடுபவர் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட், ஊறுகாய் வாங்குவார். தெருவில் அதே முகம்தான், ஆனால் பட்டியல் வேறு. இதைக் கவனிக்காதவர் மூட்டை மூட்டையாக அரிசியை இறக்கிவிட்டு, வியாபாரம் படுத்துவிட்டது என்பார்.

அண்ணாச்சி என்ன செய்தார்?

ஊர் திரும்பியதும் கடையை மூன்று நாள் அடைத்தார். பல வருஷங்களில் அவர் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. சரக்கை எல்லாம் வெளியே எடுத்தபோது தேதி கடந்தவை ஒரு சாக்கு நிறையக் கிடைத்தன. "இதை வித்திருந்தா என் பேரே போயிருக்குமே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஒயரிங் மாற்றினார். தீயணைப்புக் கருவி ஒன்று வாங்கி வாசலருகே மாட்டினார். வடநாட்டுப் பிள்ளைகள் கேட்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி கடைப்பையனிடம் சொன்னார்.

விற்பனை ஒரே மாதத்தில் ஏறிவிடவில்லை. செலவானதை எடுக்க நாளாயிற்று. எதிரே உள்ள அங்காடியும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் வாடகைக்கு விடும் பேச்சு நின்றுபோனது. யாராவது "கடை பழசாச்சே, அண்ணாச்சி?" என்றால், "பழசுதான், ஆனா துரு இல்லை" என்கிறார்.

நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. கடைசியாகச் சரக்கு முழுவதையும் இறக்கிப் பார்த்தது எப்போது?
2. தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்புச் சான்று ஆகியவற்றின் கடைசித் தேதி என்ன?
3. பழைய சரக்கு முன்னே, புதுச் சரக்கு பின்னே என்று அடுக்குகிறோமா?
4. தீ பிடித்தால் செய்ய வேண்டியது கடையில் உள்ள எல்லோருக்கும் தெரியுமா?
5. வாடிக்கையாளர் கேட்டு நாம் "இல்லை" என்ற சரக்குகளை எழுதி வைக்கிறோமா?

வரும் ஆயுத பூஜைக்கு முன் இந்த ஐந்துக்கும் விடை எழுதிக் கல்லாவில் போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் எடுத்துப் பாருங்கள். கடை கரையேறுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.