அடித்தால் தாண்டுமா குதிரை?

குதிரையேற்றம் சொல்லித்தரும் மைதானத்தில் 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி காதில் விழாத வாரமே இல்லை. மாட்டுக்கே அது பொருந்துமா என்பது தனி வழக்கு. குதிரையிடம் அதைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

போன வாரம் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி ஏறியிருந்த குதிரை, நீலப் பலகை வைத்த புதுத் தடைக்கு முன்னால் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. வேலிக்கு வெளியிலிருந்து அவளுடைய அப்பா கத்தினார்: "திமிரும்மா அதுக்கு! ரெண்டு வை. இன்னிக்கு விட்டா நாளைக்கு உன் தலையில ஏறிடும்."

திமிர் இல்லை ஐயா, பயம். கிட்டே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கழுத்து மரக்கட்டையாக விறைத்திருந்தது, இரண்டு காதும் அந்தப் பலகையையே குத்திட்டுப் பார்த்தன, மூக்குத் துவாரம் விரிந்து 'புர்ர்' என்று மூச்சு வந்தது. ஓடித் தப்பித்தே பிழைத்து வந்த இனம் அது. தெரியாத பொருளைக் கண்டு நிற்பதை அவமரியாதை என்று எடுத்துக்கொள்வது நம்முடைய அகங்காரம்தான்.

அடித்தால் என்ன ஆகும் என்பதை 2021 ஆகஸ்டில் உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நவீன ஐந்திறப் போட்டி. அதில் அப்போது குதிரை குலுக்கலில்தான் கிடைத்தது. அதோடு பழக வீரருக்கு 20 நிமிடம்தான் இருந்தது. ஜெர்மனியின் அனிகா ஷ்லாய் முதலிடத்தில் இருந்தார். அவருக்குக் கிடைத்த செயின்ட் பாய் என்ற குதிரை, அதற்கு முன் ஏறிய வீராங்கனைக்கும் தாண்ட மறுத்திருந்தது. ஷ்லாய் அழுதுகொண்டே சவுக்கால் அடித்தார். "அடி" என்று பயிற்சியாளர் சொன்னதும் ஒலிபரப்பில் கேட்டது. அந்தப் பயிற்சியாளர் வேலிக்கு இப்பாலிருந்து குதிரையை முஷ்டியால் குத்தியதற்காக மீதிப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார். இத்தனை அடிக்குப் பிறகும் குதிரை பணியவில்லை, பதக்கமும் போயிற்று. பாரிஸ் 2024-உடன் அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றத்தையே எடுத்துவிட்டார்கள்.

"நான் அடித்தபோது தாண்டியதே" என்பவர்களும் உண்டு. தாண்டும், ஒருமுறை. ஆனால் வலி எந்த இடத்தில் வந்ததோ அந்த இடத்தோடு சேர்த்துத்தான் குதிரை அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த வாரம் அதே பலகையைக் கண்டால் வெறிபிடித்தாற்போல் ஓடிவந்து கம்பைத் தட்டிவிடும், அல்லது பத்து அடி முன்னாலேயே நின்றுவிடும். பலகைக்குப் பயந்த குதிரையைப் பலகைக்கும் சவுக்குக்குமாகப் பயப்பட வைத்ததுதான் மிச்சம்.

'விட்டால் கெட்டுவிடும்' என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. திரும்பி ஓடினால் நிம்மதி கிடைக்கிறது என்று தெரிந்தால் குதிரை அதையே கற்றுக்கொள்ளும். அதற்காக அடிக்க வேண்டியதில்லை. முகத்தைத் தடை பக்கமே வைத்துக்கொண்டு, நடந்தே கடக்கிற அளவுக்குத் தடையைத் தாழ்த்த வேண்டும், அவ்வளவுதான்.

நீலத் தார்ப்பாயை வைத்து நான் பழக்குவது இப்படி. முதல் நாள் அது துண்டு அகலத்துக்கு மடித்துத் தரையில் கிடக்கும். முன்னால் ஒரு கிழட்டுக் குதிரை சாவதானமாகக் கடந்து போகும். பின்னால் நம் குதிரை, தலைக்கயிற்றில். ஒரு கால் முன்னே வைத்தால் அந்த நொடியே கயிற்றைத் தளர்த்துவேன்; நொடி தப்பினால் பாடமும் தப்பிவிடும். தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்கட்டும், அவசரமில்லை. நடை மாறாமல் கடந்தால் ஒரு மடிப்பைப் பிரிப்பேன். முழுப் பாயும் விரிந்த பிறகுதான் அதன்மேல் முழங்கால் உயரத்தில் ஒரு கம்பு, அதற்கப்புறம்தான் முதுகில் ஆள். சில குதிரைக்கு மூன்று நாள், சிலதுக்கு மூன்று வாரம்.

இது என் சொந்த வைத்தியம் இல்லை. டென்மார்க்கில் இரண்டு வயது ஆண் குதிரைகள் 27-ஐ, ஆட்டிக் காட்டும் வெள்ளை நைலான் பைக்கு மூன்று விதமாகப் பழக்கிப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான ஆய்வு. படிப்படியாகப் பழக்கிய குதிரைகள் அத்தனையும் அமைதியாயின. மற்ற இரண்டு முறைகளிலும் சில குதிரைகள் கடைசிவரை பழகவே இல்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஒரு கண்ணால் பார்த்தது மறு கண்ணுக்குத் தெரியாது என்பது பொய். 1999-இலேயே குதிரை ஆய்வாளர் எவலின் ஹாங்கி சோதித்துக் காட்டிவிட்டார். ஆனால் அதே பொருளைத் திருப்பி வைத்தால் குதிரைக்கு அது புதிதாகத் தோன்றலாம். எனவே திரும்பி வரும் திசையிலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். குதிரைக்குக் கறுப்பு வெள்ளைதான் தெரியும் என்பதும் பொய். நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும்தான் குழம்பும். எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு பிரிட்டனின் தடைப் பந்தயங்களில் தடைகளின் ஆரஞ்சு நிறத்தை வெள்ளையாக மாற்ற முடிவெடுத்தது இதனால்தான். உயரம்தான் பயமுறுத்தும் என்றால், அதே டோக்கியோவில் உலகத்தரக் குதிரைகளே மிரண்டது ஒரு தடையின் பக்கத்தில் வைத்த சுமோ வீரர் சிலையைக் கண்டு என்று வீரர்கள் சொன்னார்களே!

இன்னொன்றை நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. மறுக்கிற குதிரையை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகு, குளம்பு, பல், சேணம் நாலையும் பாருங்கள். பத்துக் குதிரைக்கு ஒரே சேணத்தை மாற்றி மாற்றிக் கட்டுகிற லாயங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஒருவன் செருப்பை ஊரே போட்டுக்கொண்டு ஓட முடியுமா?

அந்தப் பெண்ணை இறங்கச் சொல்லிச் சேணத்தைக் கழற்றினேன். பிடரி முடிகிற மேட்டில், ரூபாய் நாணய அளவுக்கு முடி உதிர்ந்து, தோல் சிவந்து ஈரமாக இருந்தது. விரல் வைத்ததும் குதிரை முதுகை உள்ளே இழுத்துக்கொண்டது. அப்பாவைக் கூப்பிட்டு அவர் விரலையும் அங்கே வைக்கச் சொன்னேன். குதிரைக்கு மூன்று வாரம் ஓய்வு. அதற்குப் பிறகு தார்ப்பாய், துண்டு அகலத்தில்.