கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா?

கேள்வி: வீட்டிலேயே கம்ப்யூட்டரில் டைப்பிங் வேலை செய்கிறேன். சி.பி.யு. பெட்டியைத் தொட்டால் 'சுர்'ரென்று ஷாக் அடிக்கிறது. மாலையானால் கழுத்து வலி, கண் எரிச்சல். என்ன செய்யலாம்?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்.

பதில்: முதலில் ஷாக்கைக் கவனியுங்கள், அதை அலட்சியப்படுத்தவே கூடாது. பெட்டிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கியின் வடிகட்டிச் சுற்றிலிருந்து மிகச் சிறிதளவு மின்சாரம் உலோக உடலுக்குக் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் விரல் வழியே இறங்கும். எஸ்.எம்.பி.எஸ். பழுதானால் அதே பெட்டியில் 230 வோல்ட்டும் ஏறலாம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அப்படி இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இணைப்பைச் சோதியுங்கள். சரியாகும்வரை கம்ப்யூட்டரைப் போடாதீர்கள்.

அடுத்து கழுத்து. மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். பார்த்து டைப் செய்யும் தாளை மேசையில் படுக்க வைக்காமல், திரைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஓயாமல் குனிந்து நிமிர்வதுதான் கழுத்தை வாட்டும். பாதம் தரையில் படியாவிட்டால் ஒரு மணையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைவதால் கண் எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியுள்ள பொருளை 20 விநாடி பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.

விரல்கள் மரத்துப்போனாலோ, வலி கைக்கு இறங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வேலையை நாளைக்கும் செய்யலாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.