காலுக்கு ஓய்வு, மனத்துக்கு வேலை

கைத்தறி என்று நாம் பெயரிட்டு அழைத்து வரினும், தறியை நடத்துவதில் பாதி உழைப்பு காலினுடையது. மிதியை மாற்றி மாற்றி அழுத்தினாலன்றி விழுது எழாது, பாவு பிரியாது, நாடா ஓட வழியிராது. உழவரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. சேற்றிலும் வரப்பிலும் நாள் முழுதும் அவரைத் தாங்குவது பாதமே. ஆகவே நம் அங்கத்தினர் ஒருவர் பாரம் விழுந்தோ, தென்னையினின்று தவறியோ, வண்டி மோதியோ பாத எலும்பு முறிந்து வீட்டில் படுக்க நேரிடின், அக்குடும்பத்தின் வரும்படியும் அவருடனே படுத்துவிடுகிறது. அவரிடம் சென்று, "கவலைப்படாதீர்கள்" என்று கூறித் திரும்புவது எளிது. கவலையை எவ்வாறு அடக்கி ஆள்வது என்பதே ஈண்டு நாம் பயிலவேண்டிய பாடம்.

முதற்கண் காலக்கணக்கு வேண்டும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. முறிந்த எலும்பு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். உயரத்திலிருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கியிருப்பின் இன்னும் மிகுதியாகும். வீக்கமும் விறைப்பும் பல மாதங்கள் நிற்பதுண்டு. தம் காலுக்கு எத்தனை வாரம் என்பதை முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. பத்து நாளில் எழுந்து விடலாம் என்று நம்பியிருப்பவர் பதினோராம் நாள் மனமுடைகிறார். பன்னிரண்டு வாரம் என்று அறிந்தவரோ, பாவின் நீளம் தெரிந்து தறியில் அமர்ந்தவரைப் போல, இன்று இவ்வளவு கழிந்தது என்று கணக்கிட்டுக்கொள்கிறார்.

மனச்சோர்வு இங்கே சிறு விஷயமன்று. அது நோயாளியை இரு வழியில் கெடுக்கிறது. ஒருவர் கடனையும் கூலியையும் எண்ணித் துடித்து, உத்தரவு பெறுமுன்னரே காலை ஊன்றிவிடுகிறார். கூடி வந்த எலும்பு விலகுகிறது. மற்றொருவர், இனி என்ன இருக்கிறது என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்த பயிற்சியையும் செய்யாது, சோற்றையும் பாதி வைத்துவிடுகிறார். மூட்டு விறைக்கிறது, தசை மெலிகிறது. எனவே மனத்தைப் பேணுவதும் மருந்துண்பதைப் போன்ற ஒரு கடமையே என்பது என் கருத்து.

வலி மிகுந்த முதல் இரண்டு வாரங்களில் தத்துவம் எதுவும் உதவாது. காலைத் தலையணைகளின் மீது மார்பின் மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைத்தலும், வலி மாத்திரையைச் சொன்ன நேரத்தில் உட்கொள்ளுதலும், இரவு உறங்குதலுமே போதும். உறக்கமற்ற மனத்தில் உற்சாகத்தைத் தேடுதல் வீண். மருத்துவர் அனுமதித்தவாறு விரல்களையும் முழங்காலையும் அசைத்து வருதல் வேண்டும். பீடி, சுருட்டு எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். நீரிழிவு உள்ளவர் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் அவசியம். கேழ்வரகு, முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, நெத்திலி ஆகிய நம் வீட்டு உணவுகளே எலும்புக்கு உரம். கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலும், விரல்கள் நீலநிறமாகி மரத்துப்போனாலும், கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், திடீரென மூச்சு முட்டினாலும் அக்கணமே மருத்துவமனைக்குச் செல்க. வீங்கிய காலை எண்ணெயிட்டு நீவிவிடுதல் ஆகாது.

வலி தணிந்த பின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது. பொழுது போகாது. தறியோசை பக்கத்து வீட்டிலிருந்து கேட்கும். நான் தணிக்கைக்குச் சென்ற சங்கமொன்றில் கணுக்கால் முறிந்த அங்கத்தினர் ஒருவர் கட்டிலில் காலை நீட்டியபடியே கரைக்கான பூவேலையைக் கட்டத்தாளில் வரைந்து கொடுத்து வந்தார். சங்கம் அதற்குச் சிறு கூலியும் வழங்கிற்று. அதற்கு முன் அவருடைய மனம் தேறுவதற்காக நூல் வழங்கும் பதிவேட்டை வீட்டிற்கே அனுப்பி எழுதச் செய்யலாமா என்று செயலர் என்னைக் கேட்டார். பதிவேடு சங்கக் கட்டிடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று மறுத்தேன், இன்றும் மறுப்பேன். ஆனால் செயலரின் எண்ணம் சரியானது. கால் படுத்திருக்கும்போதும் கை வேலை செய்யலாம். தார் சுற்றலாம்; அறுந்த நூலைப் பிணைக்கலாம்; விதையைப் பொறுக்கித் தரம் பிரிக்கலாம்; மகனுக்கோ மகளுக்கோ பாவு பிணைக்கும் முறையைக் கற்பிக்கலாம். அன்றாடம் காலையில் முகம் மழித்து, வேட்டி மாற்றி, குறித்த நேரத்தில் வேலைக்கு அமர்தல் வேண்டும். அற்பமாகத் தோன்றும் இவ்வொழுங்குதான் நாளை நிமிர்த்தி நிறுத்துகிறது.

பரதக் கலைஞர் சுதா சந்திரன் 1981 இல் திருச்சிராப்பள்ளிக்கருகே நேர்ந்த பேருந்து விபத்தில் காயமுற்று வலக்காலை இழந்தார். ஜெய்ப்பூர்க் காலைப் பொருத்திக்கொண்டு 1984 இல் மீண்டும் மேடையேறினார். அடுத்த ஆண்டு 'மயூரி' என்னும் தெலுங்குப் படத்தில் தம் கதையிலேயே நடித்தார். இதனை நோயாளியிடம் அவரைக் கடிந்துகொள்ளும் பாவனையில் சொல்லுதல் தகாது. நாம் கவனிக்கவேண்டியது 1981 க்கும் 1984 க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை. மேடையில் கைதட்டியவர்கள் அவ்வாண்டுகளைக் கண்டதில்லை.

வீட்டாரின் பாரமும் பெரிது. சமையலும் தறியும் பணிவிடையும் ஒருங்கே மனைவியின் தலையில் விழுகின்றன. நோயாளி தம் கோபத்தை அவர்மீது இறக்காமல், அஞ்சுவது எதனை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுதல் இருவருக்கும் நலம். இரண்டு வாரத்துக்கு மேலும் உறக்கமும் உணவும் கெட்டு, உயிர் வெறுத்த பேச்சு எழுமாயின் அது மருத்துவம் வேண்டும் நிலை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டிற்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்க.

மீண்டும் தறிக்குத் திரும்பும் நாள் குறித்து ஓர் எச்சரிக்கை. குழித்தறியில் கால் கீழ்நோக்கித் தொங்குவதால் வீக்கம் விரைவில் ஏறும். மருத்துவரின் உத்தரவு பெற்ற பின்னும் முதல் வாரம் அரைமணி நேரம் நெய்து, எழுந்து, காலை உயர்த்தி வைத்து, பின்னரே மறுபடி அமர்தல் வேண்டும். கனமான பாவை அப்போது ஏற்க வேண்டாம். அவருக்கு எந்தப் பாவு கொடுப்பது என்பதைச் சங்கம் முன்னதாகவே தீர்மானிக்கலாம். கடன் தவணையைத் துணைவிதிகளுக்குட்பட்டுத் தள்ளிவைக்க இயலுமா என்பதையும், அவர் ஊன்றுகோலுடன் வந்து கேட்கும்வரை காத்திராமல், நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.